குத்தகைக்காரர் ஜோ பிரவுன்

1840-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மலைக்கிராமமான கேடிஸ்டவுனிலிருந்து 19 வயது இளைஞன் ஒருவன் படிக்கக் கிளம்பினான். கையில் காசில்லை. ஒரு ஜோடி காளைகளை ஓட்டிக்கொண்டு பக்கத்து மாநிலமான தென் கரோலினாவுக்குப் போனான். காளைகளை அங்கே ஒரு விவசாயியிடம் விட்டு, பதிலுக்கு எட்டு மாதச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பேசி முடித்தான். பள்ளிச் சம்பளத்துக்குக் கடன் சொன்னான். ஜோசப் எமர்சன் பிரவுன் செய்த பேரங்களில் நமக்குத் தெரிந்த முதல் பேரம் அதுதான்.

கடனை அடைக்க கேன்டன் என்ற சிற்றூரில் வாத்தியார் வேலை பார்த்தபடியே சட்டம் படித்தார். அங்கே ஜான் லூயிஸ் என்ற டாக்டர் கடன் கொடுத்து அவரை யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1846-இல் பட்டத்தோடு திரும்பி வக்கீலானார். 1849-இல் மாநில செனட், 1855-இல் நீதிபதி பதவி, 1857-இல் கவர்னர் நாற்காலி. ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சிக்குள் பெரிய தலைகள் முட்டிமோதிக்கொண்டபோது, சமரசமாக இவர் பெயர் வந்தது. செய்தி வந்தபோது கவர்னர் வேட்பாளர் வயலில் கோதுமைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாராம். அந்தக் கதையே அவருக்கு அரை பிரசாரம் செய்தது.

அட்லாண்டாவிலிருந்து சட்டனூகா வரை சுமார் 220 கிலோமீட்டர் ஓடிய வெஸ்டர்ன் அண்ட் அட்லான்டிக் ரயில்பாதை மாநில அரசின் சொத்து. அதை நடத்தும் பொறுப்பை, யேலுக்கு அனுப்பிய அதே லூயிஸிடம் பிரவுன் கொடுத்தார். கடனும் தீர்ந்தது, பாதையும் லாபம் பார்த்தது. அதன் வரவு செலவு முழுவதும் கவர்னருக்கு அத்துப்படி.

போரும் பல்டியும்

அடிமை முறையைக் காக்கத் தனிநாடு வேண்டும் என்று முழங்கிய தலைவர்களில் பிரவுனும் ஒருவர். ஜார்ஜியா பிரிந்துபோகும் முன்பே, 1861 ஜனவரியில், மத்திய அரசின் புலாஸ்கி கோட்டையைப் பிடிக்க ஆள் அனுப்பினார். ஆனால் பிரிந்த தென்மாநிலங்களின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்ததும் அவரோடும் மல்லுக்கு நின்றார். என் மாநிலத்து மனிதனை அவன் சம்மதமில்லாமல் இழுத்துப்போக உனக்கு என்ன உரிமை என்பதுதான் சண்டை. உள்நாட்டுப் போரில் 1864-இல் அட்லாண்டா வடக்குப் படையிடம் விழுந்ததும், தன் மாநிலப் படையினரை அறுப்புக்குப் போகச் சொல்லி விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்.

தென்மாநிலங்கள் போரில் தோற்ற பிறகு பிரவுனுக்கு வாஷிங்டனில் சில நாள் சிறை. வெளியே வந்தவர், ஜெயித்தவர்களின் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். ஊரே துரோகி என்று திட்டியது. 1868-இல் மாநிலத் தலைமை நீதிபதியானார். கறுப்பர்களும் அரசுப் பதவி வகிக்கலாம் என்று 1869-இல் வந்த தீர்ப்பில் அவரும் ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளில் மறுபடி பழைய ஜனநாயகக் கட்சி. காற்று மாறுமுன் பாயைத் திருப்பத் தெரிந்தவர்.

இரண்டு 25 ஆயிரம்

1870 டிசம்பரில் தலைமை நீதிபதி பதவியை உதறினார். காரணம், கவர்னராக இருந்து கவனித்த அதே ரயில்பாதை. மாதம் 25,000 டாலருக்கு 20 ஆண்டுக் குத்தகை. எடுத்த கம்பெனிக்குத் தலைவர் பிரவுன்.

அடுத்தது, டேட் கவுண்டியின் நிலக்கரிச் சுரங்கங்கள். சுரங்கத்துக்கு ஆள் வேண்டுமே? அதையும் அரசிடமே குத்தகைக்கு எடுத்தார்: சிறைக் கைதிகள். 1876-இல் வந்த சட்டப்படி மூன்று கம்பெனிகள் மாநிலத்தின் கைதிகள் அத்தனை பேரையும் 20 ஆண்டுகளுக்குப் பங்குபோட்டுக்கொண்டன. வாடகை இங்கேயும் 25,000 டாலர்தான், ஆனால் வருடத்துக்கு. மூன்று கம்பெனிகளும் சேர்ந்து கட்டியது அவ்வளவுதான். தலைக்கு ஒரு நாள் கூலியாகக் கணக்கிட்டால் பத்து சென்ட்கூடத் தேறாது.

கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். திருட்டு போன்ற குற்றங்களுக்கு நீண்ட தண்டனை பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். நாளுக்கு இவ்வளவு கரி வெட்ட வேண்டும் என்று அளவு உண்டு. குறைந்தால் தோல் சவுக்கு. 1886-இல் டேட் சுரங்கக் கைதிகள் வேலைக்கு இறங்க மறுத்தபோது, பட்டினி போட்டுப் பணிய வைத்தார்கள். ஒருவனை அவன் சம்மதமில்லாமல் இழுத்துப்போகலாமா என்று டேவிஸைக் கேட்டவரின் சுரங்கம் அது.

அப்போது பிரவுன் அமெரிக்க செனட்டர். 1880 முதல் 1891 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1894-இல் காலமானார். அட்லாண்டா சட்டமன்ற வளாகத்தில் மனைவி எலிசபெத்துடன் அவருக்குச் சிலை இருக்கிறது. கைதிகளை வாடகைக்கு விடும் முறையை ஜார்ஜியா 1908-இல்தான் ஒழித்தது.

நொடித்துப்போகும் நிலையிலிருந்த தென் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரிக்கு 1880-இல் பிரவுன் 50,000 டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். கல்லூரியும் ஒரு பேராசிரியர் பதவிக்கு அவர் பெயரைச் சூட்டி நன்றி காட்டியது. அவர் சொத்தில் கணிசமான பகுதி கைதிகளின் உழைப்பில் வந்தது என்று 2018-இல் கல்லூரியே அறிக்கை வெளியிட்டது. 2020-இல் பெயரை எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. யாரிடம் தருவது? குத்தகைப் பத்திரத்தில் ஒப்பந்தக்காரர்கள் இரண்டே பேர்: அரசும் கம்பெனியும். கரி வெட்டியவனுக்கு அதில் கையெழுத்துப் போட இடமே இருந்ததில்லை.