பாட்டியின் படத்தில் ஏன் 2010?

வானொலி நிலையத்தில் என் மேலதிகாரி யார் என்று கேட்டால், சுவரில் தொங்கும் கடிகாரத்தைத்தான் காட்டுவேன். செய்தி தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்னதாகப் பேச்சை முடித்தாக வேண்டும். ஒரு நொடி தவறினாலும் காது கண்டுபிடித்துவிடும். தினமும் நேரத்தோடு மல்லுக்கட்டும் நான், சொந்தக் கேமராவின் கடிகாரத்தை ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அந்த அலட்சியத்தால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் ஜொகூர் பாருவில் ஒருவரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கைப்பேசியில் எடுக்கும் படங்களைவிட இந்தப் பழைய கேமராக்களின் நிறம் அழகாக இருக்கிறது என்று இப்போது இளையோர் தேடித் தேடி வாங்குகிறார்களே, அந்த ஆசைதான் எனக்கும். படம் நன்றாக வந்தது. ஒரே ஒரு தொல்லை. பேட்டரியைக் கழற்றி மின்னேற்றிவிட்டுத் திரும்பப் போட்டால், ‘தேதி, நேரத்தைக் குறிப்பிடவும்’ என்று திரையில் கேட்கும். அவசரத்தில் நான் ‘பிறகு’ என்று அழுத்திவிடுவேன். கேமராவும் சமர்த்தாக 2010 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும்.

2023 மார்ச்சில் பாட்டி காலமானார். பதினாறாம் நாளுக்காக அவருடைய படங்களைத் தொகுக்க உட்கார்ந்தோம். மடிக்கணினியில் தேதி வரிசைப்படி அடுக்கினால், கேமராவில் இருந்த 214 படங்களும் 2010-இன் முதல் சில நாள்களுக்குள் குவிந்து கிடந்தன. தீபாவளிப் படமும் தைப்பூசப் படமும் ஒரே நாள், ஒரே மணி. 2015-இல் பிறந்த என் அக்கா மகள், 2010-இல் பாட்டியின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள்! கிள்ளானிலிருந்து வந்திருந்த சித்தி மகள் முதலில் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

“இதுல பாட்டியக் கடைசியா எடுத்த படம் எதுடா?” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உள்ளே ஒரு குட்டிக் கடிகாரம்

டிஜிட்டல் கேமராவுக்குள் நம் சுவர்க் கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் 1 வரும். அப்படித்தான் கேமரா ஒரு நொடியை எண்ணுகிறது. கேமராவை அணைத்து வைத்திருந்தாலும் இந்த எண்ணிக்கை நிற்கக்கூடாது. பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்ட நேரத்திலும் அது ஓடுவதற்காகத்தான் உள்ளே இன்னொரு சின்ன பேட்டரியை வைத்திருக்கிறார்கள்.

அது இரண்டு வகை. முதல் வகை, நாமே மாற்றக்கூடிய பொத்தான் பேட்டரி. கேனன் இஓஎஸ் 5டி, 40டி போன்றவற்றில் சிஆர்2016 என்ற பேட்டரி இருக்கும். கேனன் பவர்ஷாட் ஏ வரிசையின் சில கேமராக்களில் அதைவிடச் சிறிய சிஆர்1220. பெரிய பேட்டரியின் அறைக்குள்ளோ பக்கத்திலோ சின்னத் தட்டு ஒன்று தெரிந்தால் அதுதான். சில ரிங்கிட்டில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது வகை, உள்ளேயே பற்றவைக்கப்பட்ட, மீண்டும் மின்னேறும் பேட்டரி. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கித் தன்னை நிரப்பிக்கொள்ளும். அலமாரியில் பெரிய பேட்டரி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேமராவில் இது அடியோடு வற்றிப் போயிருக்கும். பழைய கேமரா வாங்குகிற பலருக்கும் தேதிச் சிக்கல் வருவது இதனால்தான்.

ஒரே நாளில் ஒரு சோதனை

வற்றிப் போனதெல்லாம் செத்துப் போனது என்று அர்த்தமில்லை. முழுதாக மின்னேற்றிய பேட்டரியைப் போட்டு, தேதியைச் சரிசெய்து, கேமராவை அணைத்து, குறைந்தது 24 மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். சோனி கேமராக்களின் கையேடும் இந்த 24 மணி நேரக் கணக்கைத்தான் சொல்கிறது. மறுநாள் பேட்டரியைக் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். தேதி நிலைத்திருந்தால் கவலை இல்லை. மறுபடியும் பழைய ஆண்டுக்கே ஓடிவிட்டால் உள் பேட்டரி தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று பொருள்.

என் கேமரா இந்தச் சோதனையில் தேறவில்லை. பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். மாற்றலாம், ஆனால் கூலி கேமராவின் விலையைத் தொட்டுவிடும் என்றார்.

இங்கே மூன்று எச்சரிக்கை. நீங்களே கேமராவைத் திறக்காதீர்கள். பிளாஷ் விளக்குக்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தாக்கும். அடுத்து, மின்னேறும் வகை இருந்த இடத்தில் சாதாரண சிஆர் வகையைப் பொருத்தக் கூடாது. மின்னேற்றக் கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் பாய்வது ஆபத்து. கடைசியாக, கழற்றிய பொத்தான் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேதியைத் தேடிப் போனோம்

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பு ஒளிந்திருக்கும். 1995-இல் ஜப்பானில் உருவான தர அமைப்பு அது. படம் எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் பதிகின்றன. ஆனால் கேமராவின் கடிகாரம் பொய் சொன்னால் எக்ஸிஃபும் அந்தப் பொய்யைத்தான் எழுதிவைக்கும்.

தேதியை விட்டுவிட்டுக் கோப்பு எண்ணைப் பிடித்தோம். என் கேமரா படங்களுக்குத் தொடர்ச்சியாக எண் கொடுத்திருந்தது. அந்த வரிசையில் அடுக்கியதும் ஓர் உண்மை தெரிந்தது. நேரம் சீராக ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று 2010 நள்ளிரவுக்கு விழுகிறது. மீண்டும் ஏறுகிறது, மீண்டும் விழுகிறது. விழும் இடமெல்லாம் நான் பேட்டரி மாற்றிய இடம். ஆக, படங்கள் ஐந்து கட்டுகளாகப் பிரிந்தன. ஒரு கட்டுக்குள் கடிகாரம் ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. அந்தக் கட்டில் ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், வித்தியாசத்தைக் கூட்டி மற்ற எல்லாப் படங்களையும் சரிசெய்துவிடலாம்.

முதல் கட்டில் பாட்டி மத்தாப்புப் பிடித்திருந்தார். அதே நொடியைச் சித்தி மகளும் கைப்பேசியில் எடுத்திருந்தாள். 2022 அக்டோபர் 24, தீபாவளி. வாட்ஸ்அப்பில் அவள் அப்போது அனுப்பிய பிரதி உதவவில்லை. வாட்ஸ்அப் அனுப்பும்போது எக்ஸிஃப் தகவலை நீக்கிவிடுகிறது. அவள் கைப்பேசியில் இருந்த மூலப் படம்தான் நேரத்தைச் சொன்னது.

இரண்டாவது கட்டில் பாட்டி இடது ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறார். விரலில் வாக்களித்த மை! 2022-இல் ஜொகூர்காரர்கள் இரண்டு முறை மை வைத்துக்கொண்டோம். மார்ச் 12 மாநிலத் தேர்தல், நவம்பர் 19 பொதுத்தேர்தல். நான் கேமரா வாங்கியது செப்டம்பரில் என்பதால் இது நவம்பர்தான். வாக்களித்துவிட்டு வந்த கையோடு எடுத்தது என்பது அம்மாவுக்கும் நினைவிருந்தது.

அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டதில், அதே கட்டில் அக்கா மகள் பள்ளிச் சீருடையில் பாட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. “ஞாயித்துக்கிழமை யாருண்ணே பள்ளிக்குப் போவா? கணக்கு தப்பு” என்றாள் கிள்ளான் தங்கை. கணக்கு தப்பில்லை. 2014 தொடக்கம் முதல் 2024 முடியும் வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். 2025 ஜனவரி 1 முதல்தான் மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்தோம். உங்கள் வீட்டுப் பழைய படங்களைத் தேதி பார்த்து அடுக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கட்டில் பொங்கல் பானை. 2023 ஜனவரி 15. நான்காவதில் தைப்பூசப் பால்குடம். பிப்ரவரி 5. இரண்டுக்கும் உறவினர் கைப்பேசிப் படங்கள் கைகொடுத்தன.

ஐந்தாவது கட்டில் ஒரே ஒரு படம். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பாட்டி. பேட்டரி மாற்றிய மூன்றாவது நிமிடத்தில் நான் எடுத்தது. பக்கத்தில் நாள்காட்டி இல்லை, விழா இல்லை, வேறு யாரும் படம் எடுக்கவுமில்லை. தைப்பூசத்துக்குப் பிறகு, அவர் மறைவதற்கு முன்பு. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

திருத்துவதற்கு முன் ஒரு படம்

அன்று பேட்டரி போட்டதும் என் கைப்பேசித் திரையை அந்தக் கேமராவால் ஒரு படம் எடுத்திருந்தால் போதும். கேமராவின் பொய் நேரமும் கைப்பேசியின் மெய் நேரமும் ஒரே படத்தில் பதிந்திருக்கும். கேமரா 2010 ஜனவரி 1, 12.07 என்கிறது, கைப்பேசி 2022 அக்டோபர் 24, காலை 9.15 என்கிறது என்றால், அந்த இடைவெளிதான் அந்தக் கட்டு முழுவதற்கும் சாவி. பழைய கேமரா வைத்திருப்பவர்கள், தேதியைத் திருத்துவதற்கு முன்பாகவே இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். திருத்திய பிறகு எடுத்தால் பழைய படங்களுக்குப் பயன் இல்லை.

திருத்தும் வேலைக்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினியில் கூகுள் ஃபோட்டோஸைத் திறந்தாலும் பல படங்களைத் தேர்ந்தெடுத்து நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். எல்லாப் படத்துக்கும் ஒரே தேதியை வைத்துவிடாமல், நகர்த்தும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைச் செய்தாலும் பிரதியில் செய்யுங்கள், மூலப் படங்களைத் தொடாதீர்கள். படத்தின் மூலையில் தேதியை அச்சிடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது படத்தோடு ஒட்டிக்கொண்டால் எந்த மென்பொருளாலும் சுலபமாக எடுக்க முடியாது.

கடிகாரம் நன்றாக ஓடும் கேமராவும் மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை முன்னே பின்னே போகலாம். விழாவுக்கு முன்னால் ஒருமுறை சரிபாருங்கள். தமிழ்நாட்டுக்குப் பயணம் போனால் அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் குறைவு. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். பழைய கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்கள், விற்பவர் முன்னாலேயே பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். ஆண்டுப் பட்டியலில் நடப்பு ஆண்டு வருகிறதா என்றும் பாருங்கள். தேதி நிற்கவில்லை என்பதற்காக நல்ல கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

என் கேமராவை நான் விற்கவில்லை. அதன் பையில் ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறேன்: ‘பேட்டரி மாற்றினால் முதல் படம் கைப்பேசிக் கடிகாரம்.’ கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். அதன் கீழே தேதி எழுதும் இடத்தை அம்மா இன்னும் காலியாகவே விட்டிருக்கிறார்.