நீர்மேல் ஒரு கையெழுத்து

லித்துவேனிய இசையமைப்பாளர் ஒருவர் தூரிகையால் எழுதிய கடல், கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும்தான்

வானை மறைத்தபடி எழுகிறது ஒரு பேரலை. அதன் விளிம்பில் நுரை, நகங்களைப் போல வளைந்து நிற்கிறது. கீழே சின்னஞ்சிறு படகுகள். அடுத்த நொடி எல்லாம் முடிந்துவிடும். உற்றுப் பார்த்தால் அலையின் உடலில் நுரையாலான சில எழுத்துகள் தெரியும். ஓவியர் தன் பெயரின் முதலெழுத்துகளையே அங்கே எழுதி வைத்திருக்கிறார்.

மிகலோயூஸ் கான்ஸ்டான்டினாஸ் சுர்லியோனிஸ் 1908இல் தீட்டிய இந்தப் படத்தின் பெயர் ‘ஃபினாலே’. ‘கடல் சொனாட்டா’ என்ற மூன்று படங்கள் கொண்ட தொகுதியின் கடைசிப் படம். அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த லித்துவேனியாவில் 1875இல் பிறந்தவர் இவர். வார்சாவிலும் லைப்சிக்கிலும் முறையாக இசை பயின்றவர். ‘கடல்’ என்ற இசைக்கோவையை 1907இல் முடித்துவிட்டு, அடுத்த ஆண்டே தூரிகையோடு அதே கடலுக்குத் திரும்பினார். விரைவில் மனம் நோயுற்றது. 1911 ஏப்ரலில், வார்சாவுக்கு அருகே சிகிச்சையில் இருந்தபோது நிமோனியாவால் இறந்தார். வயது 35.

இந்த வாழ்க்கைக் குறிப்புதான் படத்துக்கு முதல் எதிரி. அதைப் படித்தவர்கள் பேரலையை வரப்போகும் நோய் என்றும், எழுத்துகளை மரண முன்னறிவிப்பு என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கனவுக்குப் பலன் சொல்வதுபோல மிகச் சுலபமான வேலை. ஆனால் ஓவியர் தன் படத்துக்குக் ‘கனவு’ என்று பெயர் வைக்கவில்லை. ‘சொனாட்டா’ என்று வைத்தார்.

சொனாட்டா என்பது ஓர் இசை வடிவம். தனித்தனி வேகம் கொண்ட பகுதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். மூன்று படங்களையும் அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். முதல் படம் ‘அலெக்ரோ’, அதாவது விரைவு. அலைகள் வரிசை வரிசையாகக் கரைக்கு ஓடிவருகின்றன. மஞ்சள் குமிழ்கள் மின்னுகின்றன. ஒரே உருவம் சிறு மாறுதலோடு திரும்பத் திரும்ப வருகிறது, ராகத்தின் ஒரு பிடியைப் போல. அடுத்தது ‘ஆண்டாண்டே’, நிதானம். அலை அடங்கிவிட்டது. தொடுவானில் இரு ஒளிகள் கண்களைப் போல விழித்திருக்க, கடலடியில் மூழ்கிய ஒரு நகரம் தெரிகிறது. ஒரு கை பாய்மரக் கப்பலொன்றை ஏந்தியிருக்கிறது. மூன்றாவதில், முதலில் விளையாடிய அதே அலை பூதாகரமாக எழுகிறது. கடைசிப் படத்தை மட்டும் தனியே மாட்டினால் அது பயமுறுத்தும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது உச்சஸ்தாயி.

இசையை வரைவது நமக்குப் புதிதல்ல. ராஜஸ்தானிலும் பஹாடிப் பகுதிகளிலும் ராகமாலா ஓவியர்கள் ராகங்களை நாயகன் நாயகியராகவும், மழையாகவும், இரவாகவும் தீட்டினார்கள். அவர்கள் வரைந்தது ராகத்தின் பாவம். சுர்லியோனிஸ் வரைய முயன்றது இசையின் நடை. கௌனாஸ் நகரில் அவர் பெயரிலேயே இயங்கும் தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய பெரும்பாலான ஓவியங்கள் உள்ளன. கடலுக்கு மட்டுமல்ல, சூரியனுக்கும் வசந்தத்துக்கும் நட்சத்திரங்களுக்கும்கூட அவர் சொனாட்டா தீட்டியிருக்கிறார்.

அப்படியானால் நுரையில் எழுதிய பெயருக்கு என்ன பொருள்? செருக்கா, சரணாகதியா? இரண்டுக்கும் படம் இடம் தருகிறது. அச்சத்துக்கும் இடம் தருகிறது, மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசையில் உச்சம் வந்தால் அடுத்த கணமே கடந்துபோகும். அதை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது. இசைக்காரரான சுர்லியோனிஸுக்கு அது நன்றாகவே தெரியும். இசையால் முடியாத அந்தக் காரியத்துக்குத்தான் அவருக்குத் தூரிகை தேவைப்பட்டிருக்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அலை இன்னும் விழவில்லை. படகுகள் இன்னும் கவிழவில்லை. நீர்மேல் எழுத்து நிலைக்காது என்பார்கள். இது நிலைத்துவிட்டது.