கட்டளை வரியில் மறைகுறியாக்கமும் புளொக்செயின் பதிவும்

மாணவர்களே, தரவொன்றை மறைத்தல் வேறு. அதனை எவரும் மாற்ற முடியாதவாறு பேணுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி விடையெழுதுவோர் உளர். மறைகுறியாக்கிய செய்தியைப் புளொக்செயினில் பதியும் முறையை விளங்கிக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

1. இரு சாவிகள்

பொதுச் சாவி முறையை 1976 இல் டிஃபி, ஹெல்மன் ஆகியோர் வெளியிட்டனர். இதில் ஒருவருக்கு இரு சாவிகள் உண்டு. பொதுச் சாவி பூட்டுவதற்கு. அதனை எவருக்கும் கொடுக்கலாம். தனிச் சாவி திறப்பதற்கு. அதனை உரியவர் மட்டுமே வைத்திருத்தல் வேண்டும்.

2. ஜிபிஜி மென்பொருள்

இது கட்டற்ற மென்பொருளாகும். இதன் 1.0 பதிப்பு 1999 இல் வெளிவந்தது. இதனைக் கட்டளை வரி இடைமுகத்தில் பயன்படுத்தும்போது சுட்டிக்கு வேலையில்லை. கட்டளையைத் தட்டச்சுச் செய்து உள்ளிடு சாவியை அழுத்த வேண்டும். முதலில் ஜிபிஜி என்ற சொல்லும், அடுத்து இரு சிறு கோடுகளுடன் செயலைக் குறிக்கும் சொல்லும் வரும். கணினியில் இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்க.

(அ) ஃபுல்-ஜெனரேட்-கீ: சாவிச் சோடியை உருவாக்கும்.
(ஆ) இம்போர்ட்: பெறுநரின் பொதுச் சாவியைக் கணினியில் சேர்க்கும்.
(இ) என்கிரிப்ட்: கோப்பை மறைகுறியாக்கும். ரெசிப்பியன்ட் என்ற சொல்லின் பின் பெறுநரின் பெயரையும், இறுதியில் கோப்பின் பெயரையும் இடுக.
(ஈ) டிகிரிப்ட்: பெறுநர் தமது தனிச் சாவியால் செய்தியைத் திறப்பார்.

குறிப்பு: மறைகுறியாக்கிய பின்னரும் மூலக் கோப்பு கணினியில் அப்படியே இருக்கும்.

3. புளொக்செயின்

இது பல கணினிகளில் பிரதி செய்யப்பட்ட பதிவேடு. ஒவ்வொரு தொகுதியும் முன்னைய தொகுதியின் ஹாஷ் பெறுமானத்தைக் கொண்டிருக்கும். ஆகவே பழைய தொகுதியொன்றை மாற்றினால் அதன் பின்வரும் தொகுதிகள் பொருந்தாமற் போகும். பிட்கொயினின் முதலாவது தொகுதி 2009 ஜனவரி 3 ஆந் திகதியைக் கொண்டது. அதில் இடப்பட்ட பத்திரிகைத் தலைப்பொன்றை இன்றும் வாசிக்கலாம்.

பிட்கொயின் போன்ற பொதுப் புளொக்செயினில் பதிந்தவற்றை எவரும் பார்க்கலாம். எனவே அது இரகசியத்தைக் காப்பதில்லை, மறைகுறியாக்கமே காக்கிறது.

4. கவனிக்க வேண்டியவை

• மறைகுறியாக்காமல் பதிந்த செய்தியைப் பின்னர் அழிக்க முடியாது.
• தனிச் சாவி பிறர் கையில் அகப்பட்டால், பல ஆண்டுகளுக்கு முன் பதிந்த செய்திகளும் வெளிப்படும்.
• தனிச் சாவி தொலைந்தால் உரியவராலும் திறக்க முடியாது. அதன் பிரதியொன்றைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும்.
• செய்தி மறைந்திருந்தாலும், அது பதியப்பட்ட நேரம் மறையாது.

மாதிரி வினா

க என்பவர் ச என்பவருக்கு இரகசியச் செய்தி அனுப்புகிறார்.
(i) எச்சாவியால் மறைகுறியாக்க வேண்டும்?
(ii) மறைகுறியாக்கிய கோப்பை க பின்னர் திறக்கலாமா?

விடை

(i) ச இன் பொதுச் சாவியால்.
(ii) முடியாது. ச இன் தனிச் சாவியே அதனைத் திறக்கும். தாமும் வாசிக்க விரும்பின், மறைகுறியாக்கும்போதே க தம்மையும் ஒரு பெறுநராகச் சேர்த்தல் வேண்டும்.