உப்புக்காற்று ஊரில் டிராக்டருக்கு ஒரு கொட்டகை

சென்னையின் மூலக்கொத்தளம், ராயபுரம் பக்கம் வயல் கிடையாது. ஆனாலும் டிராக்டருக்கு வேலை உண்டு. சாலையை உடைக்கும் கம்ப்ரசரை ஓட்டும்; கட்டட இடிபாட்டை டிரெய்லரில் இழுக்கும். மழைக்காலத்தில் தேங்கும் நீரை இறைக்க, டிராக்டரில் பொருத்திய பம்புகளைச் சென்னை மாநகராட்சி வாடகைக்கு எடுக்கிறது. பக்கத்துச் செம்பியத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே டாஃபே நிறுவனம் டிராக்டர் செய்யத் தொடங்கிவிட்டது. லட்சக்கணக்கில் விலை போகும் இந்த வண்டிகளில் பல, வேலை முடிந்தால் வெட்டவெளியில்தான் நிற்கின்றன.

வெயில் டயரில் வெடிப்பு விழவைக்கும்; சீட்டைக் கிழிக்கும். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய் வழியே மழைநீர் எஞ்சினுக்குள் இறங்கலாம். இங்கே மூன்றாவதாக ஓர் எதிரி உண்டு: உப்பு. கடல் ஓரிரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், காற்றோடு வரும் உப்புத்துகள் இரும்பில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, தகட்டின்மேல் உப்புநீர்ப் படலமாக நிற்கும். சென்னையில் பெரும்பாலான இரவுகள் இப்படித்தான். மழையே பெய்யாவிட்டாலும் துரு ஏறுவது இதனால்தான். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு அதை இன்னும் விரைவுபடுத்தும்.

கைக்கு முதலில் கிடைப்பது தார்ப்பாயும் பழைய ஃப்ளெக்ஸ் பேனரும். வண்டியை அவற்றால் இறுக்கிப் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்க்கும். வண்டியைத் தொடாமல் உயரத்தில் நிற்கும் கூரையே நல்லது. சாதாரண டிராக்டர் ஏறத்தாழ 11 அடி நீளம், 6 அடி அகலம், சைலன்சர் முனைவரை 7 அடி உயரம். அதற்கு 18 அடிக்கு 12 அடி கூரை தாராளம். முன்பக்கம் 9 அடி, பின்பக்கம் 8 அடி உயரம் வைத்தால் தண்ணீர் வழிய சாய்வும் கிடைக்கும்.

கால்களுக்குச் சவுக்குக் கம்பு மலிவுதான், ஆனால் மண்ணில் புதைந்த பகுதியைக் கரையானும் ஈரமும் விரைவில் தின்றுவிடும். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் ஜி.ஐ. குழாய்கள் ஆறு போதும். கூரைக்கு, துத்தநாகமும் அலுமினியமும் பூசிய கலர் ஷீட் சாதாரணத் தகரத்தைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் துருப்பிடிக்காது, ஆனால் உடையும்போது கிளம்பும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு.

கூரையைத் தாங்குவதைவிடப் பிடித்து வைப்பதுதான் கடினம். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதிப்படி சென்னையில் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். நம் கூரை 20 சதுர மீட்டர். ஆக, ஏறக்குறைய 3 டன் மேல்நோக்கி இழுக்கும். ஷீட்டின் எடையோ 100 கிலோ சுமாருக்குத்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் தகரங்கள் பறந்தது இந்தக் கணக்கால்தான். ஒவ்வொரு குழாயையும் 2 அடி சதுரம், 3 அடி ஆழக் குழியில் காங்கிரீட் போட்டு நிறுத்தினால், ஒரு காலுக்கு 800 கிலோ எடை கீழே பிடித்துக்கொள்ளும். ஷீட்டை ஜே போல்ட்டால் குழாயோடு இறுக்க வேண்டும். மேலே கல்லும் டயரும் வைப்பது புயலில் உதவாது.

மழையும் உப்பும் வரும் கிழக்குப் பக்கத்தை மட்டும் மறைத்து, மறைப்புக்கும் கூரைக்கும் நடுவே ஓரடி இடைவெளி விடலாம். மற்ற பக்கங்கள் திறந்திருந்தால் புகையும் தேங்காது. தரையைத் தெருவைவிட ஓரடி உயர்த்தி, செங்கல் உடைசலைக் கொட்டி இடித்து, மேலே அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கலைப் பரப்பினால் வெள்ளத்துக்கும் தாங்கும்; செலவும் குறைவு.

கூரை வந்ததும் ஒரு புதுச் சிக்கலும் வரும். வெட்டவெளியில் நின்றபோது படிந்த உப்பை மழை அவ்வப்போது கழுவிவிட்டது. நிழலில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கழுவல் இல்லை. உப்பு சேர்ந்துகொண்டே போகும். கடலோரத் தகரக் கூரைகள் பல, மழை படாத அடிப்பக்கத்திலேயே முதலில் துருப்பிடிப்பதும் இதனால்தான். எனவே வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவி, துடைத்து, கிரீஸ் அடிக்க வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் உப்பைப் போக்குவதற்குப் பதில் பூசியதாகிவிடும். கழுவ மழைநீரே நல்லது: கூரையின் தாழ்ந்த விளிம்பில் ஒரு வடிகாலும் அதன் கீழே 200 லிட்டர் டிரம்மும் வைத்தால் 10 மில்லிமீட்டர் மழையிலேயே டிரம் நிரம்பும். கொட்டகைச் செலவில் இந்த டிரம்மையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.