கரியமில வாயுவும் கடற்சட்டமும்

பசிபிக் பெருங்கடலில் ஒன்பது தீவுகளால் ஆன சிறுநாடு துவாலு. ஏறத்தாழ 11,000 மக்கள் வாழும் அந்நாட்டின் நிலம் கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே அமைந்துள்ளது. புவியை வெப்பமாக்கும் வாயுக்களை வெளியிடுவதில் அதன் பங்கு மிக அற்பம். உயர்ந்துவரும் கடலால் அதற்கு நேரும் இழப்போ மிகப் பெரிது. இத்தகைய நாடு வல்லரசுகளிடம் இரக்கத்தை மட்டுமே வேண்ட முடியுமா, அன்றி உரிமையோடும் கேட்க இயலுமா? பன்னாட்டுச் சட்டம் இதற்கு அளித்துள்ள விடையை நாம் இங்கே நோக்குவோம்.

1982-இல் உருவாகி 1994-இல் நடைமுறைக்கு வந்தது ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை. கடற்சூழலைப் பாதுகாப்பதும் பேணுவதும் அரசுகளின் கடமை என அதன் 192-ஆவது பிரிவு விதிக்கின்றது. ஆயினும் பருவநிலை மாற்றம் என்னும் சொல் அதில் எங்கும் இல்லை. ஆலைகளும் வாகனங்களும் வானில் கக்கும் புகைக்குக் கடற்சட்டம் பொருந்துமா என்பதே எழுந்த ஐயம்.

2021 அக்டோபரில் துவாலுவும் ஆன்டிகுவா-பார்புடாவும் இணைந்து சிறு தீவு நாடுகளுக்கென ஓர் ஆணையத்தை நிறுவின. அவ்வாணையம் 2022 டிசம்பரில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயத்திடம் ஆலோசனைக் கருத்து வேண்டியது. 2024 மே 21 அன்று தீர்ப்பாயம் ஒருமனதாக விடையளித்தது.

விடையின் திறவுகோல், உடன்படிக்கை ‘மாசு’ என்பதற்குத் தரும் இலக்கணத்தில் உள்ளது. தீங்கு விளைவிக்கும் பொருளையோ ஆற்றலையோ மனிதர் நேராகவோ மறைமுகமாகவோ கடலுள் சேர்ப்பதே மாசு. கரியமில வாயு ஒரு பொருள். வெப்பம் ஓர் ஆற்றல். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உட்கொள்கிறது; அதனால் நீரின் அமிலத்தன்மை மிகுந்து, பவளப் பாறைகளும் சிப்பியினங்களும் நலிகின்றன. புவியில் தேங்கும் மிகைவெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலையே சேர்கிறது. வெப்பமுற்ற நீர் விரிந்து கடல்மட்டம் உயர்கிறது. எனவே அவ்வாயுக்களும் கடல் மாசே எனத் தீர்ப்பாயம் முடிவு செய்தது.

இதன் விளைவு யாதெனில், உமிழ்வைக் குறைப்பது அரசுகளின் விருப்பத்திற்கு விடப்பட்ட நற்செயலாக அன்றி, சட்டக் கடமையாகிவிட்டது. சிறந்த அறிவியலை அடிப்படையாகக் கொண்டு, கண்டிப்பான கவனத்துடன் அக்கடமை ஆற்றப்பட வேண்டும். 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி நடந்துவிட்டால் மட்டுமே அது நிறைவேறியதாகாது. வசதிமிக்க நாடுகள் கூடுதலாகச் செய்தாக வேண்டும். பிற நாடுகளும் வாளாவிருக்க இயலாது.

ஆலோசனைக் கருத்து எந்த நாட்டையும் தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்துவதில்லை என்பது உண்மையே. கடமை மீறியோர் இழப்பீடு தரவேண்டுமா என்னும் வினாவுக்குள்ளும் தீர்ப்பாயம் புகவில்லை. அவ்விடைவெளியை, வனுவாட்டு நாட்டின் முன்முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை எழுப்பிய வினாவுக்கு 2025 ஜூலை 23 அன்று விடைகூறிய பன்னாட்டு நீதிமன்றம் பெரிதும் நிரப்பியது. கடமை மீறல் சட்டப் பிழையே என்றும், மீறலுக்கும் சேதத்திற்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படின் இழப்பீடும் கடமையாகலாம் என்றும் அது ஒருமனதாக உரைத்தது. அத்தொடர்பை நிறுவுவதே இனி எஞ்சியுள்ள கடும்பணி.

கடல் எவருக்கும் தனியுடைமையன்று. தலைமுறைகளின் பொது அமானிதம். அதைப் பேணுவீர் என வலியோரிடம் கேட்க, எளியோர் கையில் இன்று சட்டத்தின் சொல் இருக்கின்றது. அச்சொல் செயலாகும் வேகத்தைப் பொறுத்தே துவாலு போன்ற நாடுகளின் நாளை அமையும்.