பட்டிக்குப் போகும் வெள்ளிக்கிழமை

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் எந்த வேலையும் நடக்காது. சம்பளம் வந்திருக்கும். ஏடிஎம் வாசலில் வரிசை, பெட்ரோல் பங்க்கில் வரிசை. பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தாலே யார் எங்கே கிளம்புகிறார்கள் என்று தெரிந்துவிடும். மூட்டை மூட்டையாகத் தீவனம், மாடு நக்குவதற்கு உப்புக்கட்டி, தண்ணீர் டிரம், ஆழ்துளைக் கிணற்று இன்ஜினுக்கு டீசல். எல்லாம் மாட்டுப்பட்டிக்கு. நாலு மணிக்கெல்லாம் வடக்கே போகும் ஏ1 நெடுஞ்சாலை திணறத் தொடங்கிவிடும்.

போட்ஸ்வானா என்றதும் வெளியாட்களுக்கு நினைவு வருவது வைரமும் யானையும்தான். 1966 செப்டம்பர் 30-ல் சுதந்திரம் பெற்றபோது இது பரம ஏழை நாடு. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தில் சாலையும் பள்ளிக்கூடமும் வந்தன. ஆனாலும் இங்கே குடியிருந்து பழகினால், மனிதர்களின் பேச்சில் வைரம் வருவதே இல்லை. மாடுதான் வருகிறது. அரசு அதிகாரியோ, வங்கி மேலாளரோ, பள்ளி ஆசிரியையோ, பலருக்கும் சொந்த ஊரில் ஒரு வீடு, விதைக்கிற காட்டில் ஒரு குடிசை, அதற்கும் அப்பால் புதருக்குள் ஒரு பட்டி. கபரோனி அவர்களுக்குப் பிழைப்புக்கான ஊர்.

மாட்டுக்கு அடுத்தபடி மழை. 2015-ல் கபரோனி அணை வற்றி, குழாயில் தண்ணீர் வராத நாட்களை இங்கிருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2017 பிப்ரவரியில் டினியோ புயல் கொண்டுவந்த மழையில் அணை நிரம்பி வழிந்தபோது, குடும்பம் குடும்பமாகப் போய் வேடிக்கை பார்த்தார்கள்.

ஏ1-ல் வடக்கே போவதுதான் எங்களுக்கு வாய்த்த சின்னப் பயணம். சாலையோரம் கை காட்டி நிற்பவர்களை ஏற்றிக்கொள்ளலாம். பஸ் கட்டணம் அளவுக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆசிரியைகள், நர்சுகள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிகள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எந்தச் சுற்றுலாக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். ராத்திரியில் தார்ச் சாலையில் மாடும் கழுதையும் நிற்கும். கறுப்பு மாடு கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது.

திரும்பி வரும்போது டிபெட்டே என்ற இடத்தில் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடி. வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்க வேண்டும். மருந்துக் கரைசலில் நனைந்த விரிப்பின் மேல் செருப்போடு மிதித்து நடக்க வேண்டும். வண்டிச் சக்கரங்களும் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். அதற்குள் சீருடை அணிந்த ஒரு அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து கிளறிப் பார்ப்பார். பச்சை மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ இருந்தால் தெற்கே கொண்டுபோக முடியாது. பட்டியிலிருந்து ஆசையாக எடுத்துவந்த கறியைத் தூக்கிக் கொடுக்க மனமில்லாமல், சாவடி ஓரத்திலேயே அடுப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாசனை வண்டிக்குள்ளும் வரும்.

இத்தனை கெடுபிடியும் கோமாரி நோய்க்காக. அந்தக் கிருமி காட்டெருமைகளிடம் இருக்கிறது. வடக்கே சோபேயிலும் ஒக்கவாங்கோவிலும் காட்டெருமைக் கூட்டங்கள். நோய் தெற்கே இறங்கிவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நார்வேக்கும் போகும் மாட்டிறைச்சி நின்றுபோகும். லொபாட்சியில் இருக்கும் பெரிய இறைச்சிக் கூடத்தை நம்பி மாடு வளர்ப்பவர்களின் வருமானமும் நிற்கும். அதனால்தான் நாட்டின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கம்பிவேலி. அந்த வேலியை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. 1958-ல் போட்ட கூக்கே வேலி, தண்ணீர் தேடி வடக்கே போன வில்டபீஸ்ட் மான் கூட்டங்களை மறித்தது. 1980-களின் வறட்சியில் கலஹாரியின் வில்டபீஸ்ட்கள் ஆயிரக்கணக்கில் தாகத்தில் செத்துப்போயின. மாட்டைக் காப்பாற்றிய வேலிக்குக் காடு கொடுத்த விலை அது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாடு இல்லாமல் இங்கே எந்த நல்லது கெட்டதும் இல்லை. பெண் கேட்டுப் போனால் மாடு. சாவு வீடென்றாலும் மாடு. அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை விடியற்காலையில். அதற்கு முந்தைய ராத்திரி முழுக்க ஆண்கள் முற்றத்தில் மூன்று கால் இரும்புப் பானைகளில் கறி வேகவைப்பார்கள். உப்பைத் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றதும் மரக்கட்டையால் இடித்து நார்நாராக்குவார்கள். அதுதான் செஸ்வா. சோளக் களியோடு தட்டில் வைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஒரு சாவு வீட்டில் அந்தப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து அலுவலகத்தின் கணக்கு அதிகாரி. கோட்டைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டிருந்தார்.

இவ்வளவையும் ஓரிடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கபரோனியில் இருக்கும் போட்ஸ்வானா பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். லெசோத்தோ, சுவாசிலாந்து, போட்ஸ்வானா மூன்றுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1975-ல் லெசோத்தோ விலகிக்கொண்டது. இனி இங்கே தனியாக ஒரு வளாகம் வேண்டும், ஆனால் கட்டடம் கட்டப் போதிய பணம் இல்லை. அதிபர் செரெட்சே காமாவின் அரசு மக்களிடம் போய் ஆளுக்கு ஒரு மாடு கேட்டது. 1976-ல் மாடு வைத்திருந்தவர்கள் மாட்டை ஓட்டி வந்தார்கள். மற்றவர்கள் தானியம் கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள், கையில் இருந்த காசைக் கொடுத்தார்கள். 1982-ல் அந்த வளாகம் தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மாடும் மனிதருமாக ஒரு சிலை அங்கே நிற்கிறது.

கொடுத்தவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே பாடம் நடத்த வருகிறவர்கள் முதல் வகுப்புக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். புதிதாக வேலையில் சேரும் தமிழ் ஆசிரியர்கள் யாராவது என்னிடம் வீடு பார்த்துத் தரச் சொன்னால், வீடு பார்க்கப் போகும் வழியில் அவர்களை அந்தச் சிலைக்கு அழைத்துப் போய்விடுகிறேன்.