வாழும் ஊரிலேயே வழக்கு

மதுரையில் மணமுடித்து, கணவனால் கைவிடப்பட்டு, மும்பை தாராவியில் தமையன் வீட்டை அடைந்த பெண் எவ்வூரில் வழக்குத் தொடுப்பது? மணம் நடந்த ஊர், இருவரும் இறுதியாகக் கூடி வாழ்ந்த ஊர், கணவன் வசிக்கும் ஊர் என்றே இந்து திருமணச் சட்டம் முன்னர்ப் பொதுவாக விதித்திருந்தது. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்ய 2003-ஆம் ஆண்டின் திருத்தம் வழிவகுத்தது.

மொழித் தடையோ நீங்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தில், அதன் இசைவின்றி வழக்கறிஞர் வாதாட இயலாது என்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். பூசல் வளராதிருக்கச் செய்த நல்லேற்பாடுதான். எனினும் மராத்தி அறியாதவளை அது வாயடைத்து நிறுத்திவிடும் என்றே நாம் கருதுகிறோம். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கும்போதே, தமிழறிந்த வழக்கறிஞர் வேண்டுமென எழுதிக் கேட்கலாம்.